மைன்கிராஃப்ட் உலகத்தின் கடைக்கோடியில் என்ன இருக்கிறது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கணினி, கைபேசி விளையாட்டுகளைப் பற்றி நம் செய்தித்தாள்களில் வருபவை பெரும்பாலும் இரண்டே விஷயங்களைச் சுற்றுகின்றன. பிள்ளைகள் எத்தனை மணி நேரம் ஆடுகிறார்கள், அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து எவ்வளவு பணம் போனது. இரண்டும் எழுத வேண்டியவைதான். ஆனால் ஜெயிப்பதை விட்டுவிட்டு ஆட்டத்தின் ஓரத்தைத் தேடிப் போகும் பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. 'பிளாக்' என்ற கனசதுரக் கட்டைகளால் ஆன உலகத்தில் தோண்டியும் கட்டியும் ஆடும் மைன்கிராஃப்டில் வீடு கட்டாமல் ஒரே திசையில் நாள்கணக்கில் நடப்பவர்கள், மாரியோவைச் சுவருக்குள் செருகிப் பார்ப்பவர்கள், ஜிடிஏ என்ற கார் துரத்தல் விளையாட்டில் நகரத்தின் ஒவ்வொரு ஜன்னலிலும் போய் மோதுபவர்கள். வீட்டில் இருப்போர் கண்ணுக்கு இது வெட்டி வேலை. காணொளி போடுவோரில் பலருக்கோ இது பேய், சாபம், மர்மக் கதவு.

அங்கே நடப்பது எண்கணிதம். நம் ப்ளஸ் ஒன் கணினி அறிவியல் பாடத்தில் எண்முறைகள் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. இருநிலை எண், மிகை எண், குறை எண் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்து, தேர்வு எழுதி, மறந்தும் போகிறார்கள். அந்த அத்தியாயம் கண்முன்னே மலையாக எழுந்து நிற்கும் இடங்கள் இந்த விளையாட்டுகளின் ஓரங்கள். உங்கள் மாணவர் இணைப்பிதழில் இதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். வெறுமனே கேட்டால் போதாது என்பதால், எப்படிச் செய்து பார்ப்பது, எங்கே தவறும், ஏன் தவறும் என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் மைன்கிராஃப்ட். 'ஃபார் லேண்ட்ஸ்' என்ற பெயரைப் பிள்ளைகள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கணினியில் ஆடும் பழைய ஜாவா பதிப்பில், உலகின் மையத்திலிருந்து நான்கு திசைகளில் எதில் போனாலும் 1,25,50,821-வது பிளாக்கில் நிலம் திடீரென்று செங்குத்துச் சுவராக எழும்பி, அந்தக் காலத்து உலகத்தின் உச்சியான 128 பிளாக் உயரம் வரை நிற்கும். சுவர் முழுக்கத் துளைகள். உள்ளே நேர்கோட்டில் நீளும் சுரங்கங்கள். இரண்டு திசைச் சுவர்கள் சந்திக்கும் மூலையில் சுரங்கம்கூடக் கிடையாது. அடுக்கி வைத்த தட்டுகள்போல் நிலம் பல மாடிகளாக நிற்கும். ஒரு பிளாக் ஒரு மீட்டர் என்பதால் தூரம் ஏறத்தாழ 12,550 கிலோமீட்டர். பூமியின் குறுக்களவு 12,700 கிலோமீட்டர் சொச்சம் என்பதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இன்று வாங்கும் மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் அந்தச் சுவர் கிடையாது. 2011 செப்டம்பரில் வந்த பீட்டா 1.8 என்ற சோதனைக்காலப் பதிப்போடு அது போய்விட்டது. பல காணொளிகள் இதைச் சொல்வதில்லை. சொல்லாததால் புதுப் பதிப்பில் வாரக்கணக்கில் நடந்துவிட்டு ஏமாறும் பிள்ளைகள் உண்டு. பதிப்பு எண் தெரியாமல் எந்த ரகசியத்தையும் தேடக் கிளம்பக்கூடாது என்பது இந்தத் துறையில் அரிச்சுவடி.

சுவர் ஏன் எழுந்தது? மலை எங்கே, பள்ளம் எங்கே என்பதை முடிவு செய்ய மைன்கிராஃப்ட் 'பெர்லின் நாய்ஸ்' என்ற கணக்கைப் பயன்படுத்துகிறது. நீங்கள் நிற்கும் இடத்தின் எண்ணை ஒரு பிளாக்குக்கு 171.103 என்ற அளவில் பெருக்கும். வரும் விடையை முழு எண், மீதி என்று இரண்டாகப் பிரிக்கும். மீதி எப்போதும் 0-க்கும் 1-க்கும் நடுவே இருக்கும் என்ற நம்பிக்கையில், அதை ஐந்தடுக்குச் சமன்பாடு ஒன்றில் போட்டு மேடுபள்ளங்களை வழவழப்பாக்கும். முழு எண்ணை வைக்கக் கொடுத்த இடமோ 32 இருநிலை இலக்கங்கள். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதை 171.103-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1,25,50,824 வரும். அதற்கு அப்பால் ஜாவா மொழி முழு எண்ணை அந்த உச்சத்திலேயே நிறுத்திவிடுகிறது. பெருக்கல் விடை வளர்ந்துகொண்டே போக, கழிக்கப்படும் எண் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆகவே மீதி ஒன்றைத் தாண்டி நூறு, ஆயிரம், லட்சம் என்று வீங்குகிறது. வீங்கிய மீதி ஐந்தடுக்கில் ஏறினால் என்ன ஆகும் என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவரே சொல்லிவிடுவார். எண் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போய்விடுகிறது என்று பலர் விளக்குகிறார்கள். அது இங்கே பொருந்தாது.

கூர்ந்து பார்ப்பவர் கேட்பார்: வகுத்தால் 824 வருகிறது, சுவர் ஏன் 821-ல் தொடங்குகிறது? நிலத்தை வரையும்போது நிரல் ஒவ்வொரு பிளாக்குக்கும் கணக்குப் பார்ப்பதில்லை. நான்கு பிளாக்குக்கு ஒருமுறை பார்த்து, இடையில் உள்ளதை இட்டு நிரப்புகிறது. 820-ல் சரியான விடை, 824-ல் கெட்ட விடை. நிரப்பல் 821-லேயே தொடங்கிவிடுகிறது. மூன்று பிளாக் வித்தியாசத்துக்குக்கூட இப்படித் தெளிவான காரணம் கிடைக்கும் இடம் இது.

நடந்தே போகலாமா? நடை வேகம் நொடிக்கு 4.317 பிளாக். நேர்கோட்டில், நிற்காமல் போனால் 807 மணி நேரம் ஆகும், அதாவது 33 நாளுக்கு மேல். மலை, கடல், இரவு எல்லாம் சேர்ந்தால் கணக்கு பல மடங்காகும். அமெரிக்கரான கர்ட் ஜே. மேக் 2011 மார்ச்சில் நடக்கத் தொடங்கி, குழந்தைகள் நலத்துக்கு நன்கொடை திரட்டியபடி ஆண்டுக்கணக்கில் நடந்தார். நெதர் என்ற பாதாள உலகத்தில் ஒரு பிளாக் நடந்தால் மேலுலகில் எட்டு பிளாக் என்பதால், அதன் வழியாகப் போனால் தூரம் 15,68,853 பிளாக்காகக் குறையும்; அதற்கும் 100 மணி நேரம் வேண்டும்.

குறுக்கு வழி இருக்கிறது. ஆட்டத்தைத் தொடங்கும் அதிகாரபூர்வச் செயலியான லாஞ்சரில் 'இன்ஸ்டலேஷன்ஸ்' பகுதிக்குப் போய் 'ஹிஸ்டாரிக்கல்' என்ற கட்டத்தில் டிக் செய்து, பழைய பதிப்புகளின் வரிசையிலிருந்து பீட்டா 1.7.3-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கென்று தனி கோப்புறை கொடுங்கள். இன்றைய உலகங்களும் அன்றைய உலகங்களும் ஒரே கோப்புறையில் கிடந்தால் ஒன்றை மற்றொன்றில் தவறுதலாகத் திறந்து கெடுத்துக்கொள்ள நேரும். புதிய உலகம் ஒன்றைத் தொடங்கி, சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். 'சேவ்ஸ்' கோப்புறையில் அந்த உலகத்தின் பெயரிலுள்ள கோப்புறைக்குள் 'லெவல்.டாட்' என்ற கோப்பு இருக்கும். முதலில் அதைப் படியெடுத்து வேறிடத்தில் வையுங்கள். பிறகு என்.பி.டி. எக்ஸ்ப்ளோரர் என்ற இலவசக் கருவியில் திறந்தால் 'டேட்டா', அதனுள் 'பிளேயர்', அதனுள் 'பாஸ்' என்று மூன்று எண்கள் கொண்ட பட்டியல் தெரியும். முதல் எண் குறிப்பது கிழக்கு-மேற்கா, வடக்கு-தெற்கா என்று குழம்ப வேண்டாம். நான்கு திசையிலும் சுவர் உண்டு என்பதால் எந்த அச்சானாலும் சரி. முதல் எண்ணை 12550700 என்று மாற்றுங்கள். நடுவிலிருப்பது உயரம். அதை 80 என்று வையுங்கள்.

உயரத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். 120 என்று வைத்தால், கடல்மட்டத்தை ஒட்டிய தரையில் விழும்போது 50 பிளாக்குக்கு மேல் வீழ்ச்சி. மூன்று பிளாக்குக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிளாக்குக்கும் அரை இதயம் போகும்; 23 பிளாக் விழுந்தால் பத்து இதயமும் காலி. செத்தால் மீண்டும் உயிர் பெறுவது உலகின் மையத்தில், ஒரு கோடி மீட்டருக்கு அப்பால். 60-க்குக் கீழே வைத்தால் மண்ணுக்குள் புதைந்து மூச்சுத் திணறும். 80-ல் வைத்து நடுவில் ஒரு குன்று அகப்பட்டால், படியெடுத்து வைத்த கோப்பைத் திரும்பப் போட்டு மூன்றாவது எண்ணைச் சில நூறு மாற்றினால் போதும்.

உள்ளே நுழைந்ததும் எஃப்3 விசையை அழுத்துங்கள், நிற்கும் இடத்தின் எண்கள் தெரியும். பார்வைத் தூரத்தை மிகக் குறைவான 'டைனி'க்கு மாற்றிவிடுங்கள். சுவரின் துளைகளில் தொங்கிக்கொண்டிருக்கும் மணலும் சரளையும் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கீழே விழத் தொடங்கும், தண்ணீரும் ஒழுகும். அத்தனையையும் கணக்கிட முடியாமல் கணினி திணறும். பழைய மடிக்கணினியில் ஆட்டம் நின்றே போகலாம். ஐந்து நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். இரண்டாவதாக ஒன்றையும் கவனிப்பீர்கள்: நடக்கும்போது திரை வெட்டி வெட்டி நகரும். இது சுவருக்கான காரணத்தோடு தொடர்பே இல்லாத வேறொரு கோளாறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் விளக்கங்கள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன.

அந்த வெட்டலைப் புரிந்துகொள்ள ரசீதுப் புத்தகம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். தொகை எழுத ஐந்து கட்டங்கள்தான். புள்ளியை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். 12.345 எழுதலாம். 1234.5 எழுதலாம். 12345 ஆனதும் காசுக்கு இடமில்லை. அதைத் தாண்டினால் கடைசி ரூபாயையே விட வேண்டும். கணினியின் ஒற்றைத் துல்லியப் புள்ளி எண்ணும் இப்படித்தான். அதற்கு 24 இருநிலைக் கட்டங்கள். எண் சிறியதாக இருக்கும்வரை மிக நுண்ணிய பின்னமும் அடங்கும். 1,31,072-ஐத் தொட்டதும் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு பிளாக்கின் 64-ல் ஒரு பங்கு இடைவெளி. 10,48,576-ல் எட்டில் ஒரு பங்கு. 41,94,304-ல் அரை பிளாக். 83,88,608-ல் ஒரு முழு பிளாக். 1,67,77,216-ல் இரண்டு பிளாக். இவை எல்லாம் இரண்டின் அடுக்குகள். 17, 20, 22, 23, 24. பீட்டா காலத்துப் படம் வரையும் பகுதி இந்த எண்ணைப் பயன்படுத்தியது. ஃபார் லேண்ட்ஸ் இருக்கும் தூரத்தில் அரை பிளாக் என்ற இடமே அதற்குத் தெரியாது, 1,25,50,820.5 என்று கொடுத்தால் 1,25,50,820 என்றுதான் வைத்துக்கொள்ளும்.

இதைக் கைபேசியிலேயே செய்து பார்க்கலாம். கைபேசியில் ஓடும் பெட்ராக் பதிப்பு ஆட்டக்காரரின் இடத்தையே ஒற்றைத் துல்லிய எண்ணில் வைக்கிறது. புதிய உலகம் தொடங்குங்கள். கிரியேட்டிவ் முறை, 'சீட்ஸ்' (cheats, குறுக்குவழிக் கட்டளைகள்) இயக்கம், 'ஷோ கோஆர்டினேட்ஸ்' இயக்கம். சீட்ஸ் போட்டால் அந்த உலகத்தில் சாதனைப் பதக்கங்கள் கிடைக்காது. அதனால் ஆசையாகக் கட்டி வைத்திருக்கும் பழைய உலகத்தில் இதைச் செய்யாதீர்கள். அரட்டைப் பெட்டியைத் திறந்து, சாய்கோடு, ஆங்கிலத்தில் டி, பி என்ற எழுத்துகள், இடைவெளி, பிறகு 131072 120 0 என்று இடைவெளி விட்டு மூன்று எண்கள். எண்களில் காற்புள்ளி போடக்கூடாது. போட்டால் கட்டளை பிழை காட்டும். போய்ச் சேர்ந்ததும் பறப்பதை நிறுத்தித் தரையில் இறங்கி நடந்து பாருங்கள். பிறகு 1048576, பிறகு 4194304.

நான்காயிரம் கிலோமீட்டர் தாண்டியும் நிலம் நிலமாகத்தான் இருக்கும், நடைதான் கெடும். ஆட்டம் நொடிக்கு 20 முறை உங்கள் இடத்தைப் புதுப்பிக்கிறது. நடை வேகம் 4.317 என்றால் ஒரு முறைக்கு 0.216 பிளாக். எண்களுக்கு இடைவெளி அரை பிளாக்காக இருக்கும் இடத்தில் 0.216 என்பது பாதிக்கும் குறைவு, முழுமையாக்கும்போது பூஜ்யமாகிவிடும். ஓடும் வேகம் 5.612, ஒரு முறைக்கு 0.28. அது பாதியைத் தாண்டுவதால் அரை பிளாக்காக உயர்த்தப்படும். நடப்பவன் நின்ற இடத்திலேயே கால் ஆட்ட, ஓடுபவன் இயல்பைவிட வேகமாகப் போக வேண்டும் என்பது கணக்கு. நடையும் ஓட்டமும் ஒரே அச்சில் நேராக இருந்தால்தான் இந்தக் கணக்கைச் சோதிக்க முடியும். சாய்வாகப் போனால் வேகம் இரண்டு அச்சுகளுக்கும் பங்கிடப்பட்டுவிடும். அறிவியல் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் இதைச் செய்துகாட்டினால், முழுமையாக்கல் பிழை என்ற பாடத்தை எந்தப் பிள்ளையும் மறக்காது.

இன்றைய ஜாவா பதிப்பு இடத்தை 53 இருநிலை இலக்கங்கள் கொண்ட இரட்டைத் துல்லிய எண்ணில் வைக்கிறது. உலக எல்லையான 2,99,99,984-லும் இடைவெளி ஒரு பிளாக்கின் 26 கோடியில் ஒரு பங்குதான். அதனால்தான் அங்கே ஒன்றும் கெடுவதில்லை. நீலநிறத்தில் நகரும் கோடுகள் கொண்ட திரை ஒன்று வழிமறிக்கும், அவ்வளவே.

மாரியோவுக்கு வருகிறேன். தொலைக்காட்சியில் செருகி ஆடும் கேசட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு 1985-ன் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மனப்பாடம். அதன் 'மைனஸ் உலகம்' பற்றிய வதந்தி எல்லா ஊரிலும் இருந்தது, வழி தெரிந்தவர்கள் குறைவு. வழி இது: உலகம் 1-2-ன் கடைசியில், வெளியேறும் குழாயின் மேலே கூரையில் செங்கற்கள் இருக்கும். வலப்பக்கச் சுவரை ஒட்டிய ஒரு செங்கலை விட்டுவிட்டு, அதற்கு இடப்பக்கம் உள்ள இரண்டை உடையுங்கள். இதற்குப் பெரிய மாரியோ வேண்டும். சின்ன மாரியோ செங்கல் உடைக்க மாட்டான். குழாயின் இடது விளிம்பில், இடப்பக்கம் பார்த்து நில்லுங்கள். குனிந்தபடியே குதித்து, மேலே எழும்போது வலப்பக்கம் அழுத்துங்கள். விட்டுவைத்த செங்கலின் மூலையில் சரியாகப் பட்டால் மாரியோ சுவருக்குள் புகுந்து வலப்பக்கமாகவே நழுவிக்கொண்டு போவான். சுவரில் அகப்பட்டவனை வெளியே தள்ள வேண்டும் என்று நிரலில் ஒரு விதி இருக்கிறது. அந்த விதியே அவனைச் சுவருக்கு உள்ளாகக் கடத்திக்கொண்டு போகிறது. முதல் முறையில் வராது. விளிம்பிலிருந்து ஒரு புள்ளி தள்ளி நின்றாலும் தலை முட்டிக் கீழே விழுவான்.

அந்தப் பக்கம் மூன்று குழாய்கள். இங்கே அவசரப்படக்கூடாது. வலப்பக்கம் அதிகமாக நகர்ந்து, வரவேற்பு வாசகமும் 4, 3, 2 என்ற எண்களும் திரையில் வந்துவிட்டால் வாய்ப்பு போயிற்று. வாசகம் தோன்றும் முன்பே முதல் குழாயில் இறங்கிவிட வேண்டும். எந்தக் குழாய் எந்த உலகத்துக்கு என்பது ஒரு சிறு பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது. வாசகம் வரும்போதுதான் சரியான வரிசை தேர்ந்தெடுக்கப்படும். அதற்கு முன்னால் இறங்கினால் வேறொரு வரிசை படிக்கப்படுகிறது. அந்த வரிசை உலகம் 4-2-ல், நடுவில் ஒரே ஒரு குழாய் மட்டும் இருக்கும் இடத்துக்காக எழுதியது: வெற்று, 5, வெற்று. வெற்றிடத்தைத் திரையில் காட்டப் பயன்படும் ஓட்டின், அதாவது திரையை நிரப்பும் சிறு படத்துண்டின், எண் 36. ஆகவே மாரியோ உலகம் 36-1-க்குப் போகிறான். திரையில் 36-ம் ஓடு வெற்று என்பதால் '-1' மட்டும் தெரிகிறது. மைனஸ் என்று எல்லோரும் படித்தது வெறும் இணைப்புக்கோடு.

எட்டு உலகங்களே உள்ள பட்டியலில் 36-ஐத் தேடினால், பட்டியலைத் தாண்டி அடுத்து கிடக்கும் வேறு ஏதோ தரவு படிக்கப்படுகிறது. அது தற்செயலாக நீருக்கடியிலுள்ள 7-2-ஐச் சுட்டுகிறது. முடிவிலுள்ள குழாயில் புகுந்தால் மீண்டும் அதே இடத்தின் தொடக்கம். நேரம் தீர்ந்து, உயிரெல்லாம் போகும்வரை சுற்ற வேண்டியதுதான். ஜப்பானில் வட்டில் வந்த பதிப்பில் தரவு வேறு மாதிரி அடுக்கப்பட்டிருப்பதால் அங்கே மைனஸ் உலகம் மூன்று கட்டங்களாக வருகிறது, முடிக்கவும் முடியும். ஒரே தவறு, பக்கத்தில் கிடக்கும் தரவு மாறியதால் வேறு உலகம். நடுக்குழாயில் இறங்கினால் 5-1. காரணம் மேலே சொன்ன பட்டியலிலேயே இருக்கிறது.

பேக்-மேனின் 256-ம் கட்டமும் இந்த இனம்தான். கட்ட எண்ணை வைக்க எட்டு இருநிலை இலக்கங்கள். 255-க்கு மேல் பூஜ்யம். கீழே பழங்களை வரையும் பகுதி பூஜ்யத்திலிருந்து குறைக்கத் தொடங்கி 256 முறை ஓடிவிடுகிறது. பழங்கள் தீர்ந்தபின் எழுத்தும் குறியும் திரையின் வலப்பாதியை மூடுகின்றன. கட்டம் முடிய 244 புள்ளிகள் தின்ன வேண்டும். அத்தனை புள்ளிகள் அங்கே இல்லை. சூப்பர் மாரியோ 64-ல் இடம் ஒரு வகை எண்ணிலும் தரை பற்றிய சோதனை 16 இலக்க எண்ணிலும் நடப்பதால், 65,536 அலகுக்கு ஒருமுறை கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தரை இருக்கிறது. 8, 16, 32. எந்த விளையாட்டின் ஓரத்துக்குப் போனாலும் இந்த எண்களில் ஒன்று காத்திருக்கும்.

எல்லா ஓரமும் இப்படித் தற்செயலாக வந்ததில்லை, வேண்டுமென்றே ஒளித்தவையும் உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது 1980-ல் அட்டாரி நிறுவனத்தின் 2600 என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்த 'அட்வென்ச்சர்'. அந்த நிறுவனம் விளையாட்டை உருவாக்கியவர் பெயரை எங்கும் போடாது. அதை உருவாக்கிய வாரன் ராபினெட் தன் பெயரை ஒரு ரகசிய அறையில் எழுதி வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுப் போனார். மொத்த விளையாட்டும் 4,096 பைட்டுகள். இன்று ஒரு குறுஞ்செய்திப் படத்துக்கே அதைவிட அதிகம். 2 அல்லது 3-ம் நிலையைத் தேர்ந்தெடுத்து, கறுப்புக் கோட்டையின் இருட்டுக்குள் பாலத்தைக் கொண்டுபோய், அடைபட்ட ஓர் அறையிலிருந்து சாம்பல்நிறப் புள்ளி ஒன்றை எடுக்க வேண்டும். பின்னணியும் சாம்பல் என்பதால் புள்ளி தெரியாது. மோதித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதை மஞ்சள் கோட்டைக்குக் கீழே உள்ள பாதையின் வலது ஓரத்துக்குக் கொண்டுவந்து, கூடவே வேறு இரண்டு பொருள்களையும் வைத்தால் தடுப்பு மினுங்கத் தொடங்கும். ஓர் அறையில் இரண்டு பொருளுக்கு மேல் இருந்தால் அந்தக் கருவி மாறி மாறித்தான் வரைய முடியும். அந்த மினுமினுப்பில் நடந்து போனால் அடுத்த அறையில் அவர் பெயர். 'ஈஸ்டர் எக்' என்று இன்று எல்லோரும் சொல்வது அட்டாரியில் இந்த அறை கண்டுபிடிக்கப்பட்டபோது பிறந்த வழக்கு. ஆனால் இதுவே முதல் ரகசியம் என்று எழுதுவது தவறு. 1977-ன் 'ஸ்டார்ஷிப் 1' என்ற ஆர்கேட் விளையாட்டில் அதை உருவாக்கிய ரான் மில்னருக்கு வணக்கம் சொல்லும் வாசகம் ஒளிந்திருந்தது 2017-ல்தான் வெளியே வந்தது. நாற்பது ஆண்டு.

பிரவுசிங் சென்டர்களில் வளர்ந்த தலைமுறைக்கு 2002-ன் 'ஜிடிஏ வைஸ் சிட்டி' தெரியும். அதில் வி.சி.என். கட்டடத்தின் ஜன்னல்களில் ஒன்று மட்டும் கண்ணாடிபோல் தெரிந்தாலும் தடுக்காது. பக்கத்துக் கட்டடத்தின் ஹெலிகாப்டர் தளத்திலிருந்து ஓடிவந்து குதித்தால் உள்ளே பீடத்தின்மேல் ஒரு முட்டை இருக்கும். 2004-ன் 'சான் ஆண்ட்ரியாஸில்' கேன்ட் பாலத்தின் உச்சிக்குப் பறந்து போனால், இங்கே ரகசியம் எதுவும் இல்லை, திரும்பிப் போ என்று ஒரு பலகை. அந்த விளையாட்டில் வீட்டுக் கதவைத் திறந்து நுழையும்போது நாம் அந்த வீட்டுக்குள் போவதே இல்லை. உள்ளறைகள் எல்லாம் வானத்தில் வெகு உயரத்தில் தொங்குகின்றன. கதவு நம்மை அங்கே தூக்கி வைக்கிறது.

தரைக்குக் கீழே விழுந்தவர்கள் கட்டடங்கள் அடியிலிருந்து பார்க்கையில் மறைந்துபோவதைக் கண்டு பயப்படுவார்கள். சினிமா செட்டுக்குப் பின்பக்கம் போய் நின்றவருக்கு இது புதிதில்லை. முன்னால் மாளிகை, பின்னால் சவுக்குக் கம்பு. விளையாட்டில் கம்புகூடக் கிடையாது. ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு பக்கம் மட்டுமே வரையப்படுகிறது, யாரும் பார்க்காத பக்கத்தை வரைந்தால் கணினிக்கு வேலை இரட்டிப்பு. தூரத்து மலையை நெருங்கினால் அது சில முக்கோணங்களாகத் தெரிவதும் இந்தச் சிக்கனத்தால்தான். இவற்றைச் சுவர் ஏறிக் குதிக்காமலே பார்க்க விரும்புவோருக்கு 'நோக்ளிப்' என்ற இணையதளம் இருக்கிறது. பழைய விளையாட்டுகள் பலவற்றின் இடங்களை உலாவியிலேயே திறந்து பறந்து பார்க்கலாம். வெளியீட்டுக்கு முன் கைவிடப்பட்டு, நிரலுக்குள்ளேயே மறைந்து கிடக்கும் படங்கள், ஒலிகள், கட்டங்களை 'தி கட்டிங் ரூம் ஃப்ளோர்' என்ற தளம் பதிப்பு வாரியாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது.

ரகசியம் என்று சொல்லப்படும் எதையும் நம்புவதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. எந்தப் பதிப்பு? உலகத்தின் 'சீட்' (seed) எண், அதாவது அந்த உலகம் முளைத்த விதை எண் என்ன? இடத்தின் மூன்று எண்கள் என்ன? வேறொருவர் அதே எண்களில் அதையே கண்டாரா? மைன்கிராஃப்டின் ஹீரோபிரைன் என்ற வெள்ளைக்கண் ஆவி இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. அது 2010-ல் பரவிய கதை. 2011 முதல் பல பதிப்புகளின் மாற்றக் குறிப்பில் 'ஹீரோபிரைன் நீக்கப்பட்டார்' என்று உருவாக்கியவர்களே எழுதிவந்தது, அப்படி ஒன்று இருந்ததற்குச் சான்றாகிவிடாது. இன்னொரு பக்கம், 2005-ன் 'ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்' விளையாட்டில் பதினாறு பூதங்களுக்கு அப்பால் கடைசியாக ஒரு ரகசியம் இருக்கும் என்று ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். மலை மலையாக ஏறினார்கள். வட்டிலுள்ள தரவையும் பிரித்துப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதை அவர்கள் இடம் இடமாகப் பதிவு செய்தார்கள் என்பது பெரிய விஷயம். 2018-ல் மறு ஆக்கம் வந்தபோது அதில் 79 சிறு ஒளித்துண்டுகளை ஒளித்து வைத்து, எல்லாவற்றையும் சேர்த்தவருக்கு மூடிய கதவு ஒன்று திறக்கும்படி செய்தார்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. இந்தத் தேடலைத் தனியாக ஆடும் விளையாட்டிலோ, சொந்த உலகத்திலோ மட்டுமே செய்ய வேண்டும். பிறரோடு இணையத்தில் மோதும் சுடும் ஆட்டங்களில் வரைபடத்துக்கு வெளியே போவது மோசடியாகவே கருதப்படும். கணக்கு முடக்கப்பட்டால் அதில் செலவழித்த பணம் திரும்பாது. 'ரகசியத் தீவு திறக்கும்' என்று சொல்லித் தரப்படும் மாற்றிய செயலிக் கோப்புகளை இறக்கவே கூடாது. நான் மேலே சொன்ன எதற்கும் அப்படி ஒரு கோப்பு தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்கும் எந்த 'ரகசியமும்' கணக்கைத் திருட வந்தது.

ஆசிரியர் அவர்களே, மாணவர் இணைப்பிதழில் வாரம் ஒரு கால் பக்கம் போதும். முதல் வாரத்துக்குக் கைபேசிச் சோதனையைப் பரிந்துரைக்கிறேன்: 131072, 1048576, 4194304 ஆகிய மூன்று இடங்களிலும் நேராகப் பத்து நொடி நடந்து, பத்து நொடி ஓடி, புறப்பட்ட எண்ணையும் சேர்ந்த எண்ணையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பதிப்பு எண்ணும் திரைப்பிடிப்பும் (ஸ்கிரீன்ஷாட்) இல்லாமல் வரும் கடிதங்களை ஏற்க வேண்டாம். விடைகள் மேலே நான் போட்ட கணக்கோடு ஒத்துவராமல் போனால் அவற்றையும் அப்படியே அச்சிடுங்கள். எந்தப் பதிப்பில், எந்த இடத்தில் ஒத்துவரவில்லை என்பதுதான் இரண்டாம் வாரத்துக்கான கேள்வி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி